எழுதுவதற்கு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும் தொடக்கக் கல்லூரி மாணவி ஒருத்தி, சென்ற வாரம் மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது என்னிடம் ஒன்று கேட்டாள். உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் கவிதையும் சிறுகதையும் எழுதிப் பரிசு வாங்கியவள் அவள். "இப்பல்லாம் ஒண்ணுமே எழுதத் தோணல ஆன்ட்டி. இங்க எழுதுறதுக்கு என்ன இருக்கு? காலையில எம்ஆர்டி, சாயங்காலம் டியூஷன், அவ்வளவுதானே?" என்றாள். அதற்குள் மின்தூக்கி வந்துவிட்டது. வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்லிவிட்டு நான் என் மாடியில் இறங்கிக்கொண்டேன். அவள் கேட்டதற்கு நான் சொன்னது பதிலே இல்லை என்ற உறுத்தல் அன்றிரவு முழுவதும் இருந்தது. அவளைப் போன்ற இளையர்கள் பலர் இதே கேள்வியை மனத்தில் வைத்திருப்பார்கள் என்பதால், நான் அறிந்த பதிலைத் தங்கள் நாளிதழ் வழியாக எழுத விரும்புகிறேன். கடிதத்தின் முடிவில் தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு.

நான் நூல் எதையும் வெளியிட்டவள் அல்லேன். கப்பல் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆனால், 2013 முதல் இன்றுவரை, சில இடைவெளிகளைத் தவிர்த்து, நாள்தோறும் தமிழில் அரைப்பக்கமாவது எழுதிவருகிறேன். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் பயிற்சிப் புத்தகங்களில் எழுதிய அந்தப் பக்கங்கள் இன்று என் அலமாரியின் இரண்டு தட்டுகளை நிறைத்திருக்கின்றன. அந்த அனுபவத்தின் உரிமையில்தான் இதைச் சொல்கிறேன்: எழுத ஒன்றுமில்லாத ஊர் என்று ஓர் ஊர் கிடையாது. நம்மிடம் இல்லாதது அன்றாடம் எழுதும் வழக்கம்தான்.

சிங்கப்பூரில் தமிழ் எழுத்துக்கு ஆதரவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழா; மாதம் முழுவதும் போட்டிகள், அரங்குகள், நூல் வெளியீடுகள். 1993இல் தொடங்கப்பட்ட தங்கமுனை விருது ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழிலும் எழுதுவோரைத் தேடிப் பரிசளித்து வந்திருக்கிறது. இவற்றையெல்லாம் நான் மனமாரப் போற்றுகிறேன். ஆயினும் இந்த அமைப்பு எங்களைப் போன்ற சாதாரண எழுத்தார்வலர்களிடம், எழுதுவது என்றாலே போட்டிக்கு எழுதுவது என்ற எண்ணத்தை ஏற்படுத்திவிட்டது. தலைப்பைக் கொடுத்தால் எழுதுவோம். இறுதி நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது எழுதுவோம். மே மாதம் பிறந்ததும் பேனாவை மூடிவைத்துவிடுவோம். அடுத்த போட்டி அறிவிப்பு வரும்வரை, எழுதுவதற்கு ஒன்றுமே தோன்றாது. தோன்றாததில் வியப்பில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சமைக்கிறவருக்கு உப்பு எவ்வளவு என்று கை அறியாது.

நானும் அப்படித்தான் இருந்தேன். முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையில் மூன்று போட்டிகளுக்குக் கதை எழுதி அனுப்பினேன். மூன்றிலும் வயல் வந்தது, வரப்பு வந்தது, பொங்கலுக்கு மாடு குளிப்பாட்டும் சிறுவன் வந்தான். நான் செம்பவாங்கில் பிறந்தவள். தஞ்சாவூர்ப் பக்கம் என் வாழ்நாளில் இரண்டு முறை, கோயில் பார்க்கப் போயிருக்கிறேன். கதை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் படித்தவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன், அவ்வளவுதான். மூன்றாவது போட்டிக்குப் பிறகு, நடுவராக இருந்த ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "நீங்கள் எந்த வீட்டில் வளர்ந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அது இந்தக் கதையில் எங்கே இருக்கிறது?" என்றார். அன்று எனக்கு அது வருத்தமாக இருந்தது. வீடு திரும்பிய பிறகு எழுதுவதையே விட்டுவிட்டேன்.

மீண்டும் எழுதத் தொடங்கியது அப்பா தவறிய பிறகுதான். அவர் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், நாங்கள் பேச்சுவழக்கில் நேவல் பேஸ் என்று சொல்லும் இடத்தில், பண்டகசாலைத் தொழிலாளியாக இருந்தவர். அவருடைய இரும்புப் பெட்டியில், காக்கித் தாளில் அட்டை போட்ட நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பால் கணக்காக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். 1961 முதல் 1974 வரை, நாளுக்கு ஒரு வரியாக, பென்சிலில் எழுதியிருந்தார். தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்; எழுத்துகள் உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், அடிக்கோட்டில் உட்கார்ந்திருந்தன. "மழை. ஓவர்டைம் இல்லை. சின்னவளுக்குச் சட்டை வாங்கவில்லை" என்பது ஒரு நாள். அந்தச் சின்னவள் நான்தான். கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசாங்கத்தின் கைக்கு வந்த 1968 டிசம்பரில் அவர் எழுதியிருந்தது இது: "பட்டறையைக் கொடுத்துவிட்டார்கள். வேலை இருக்குமா தெரியாது. கேன்டீன் டீ அதே டீ." வரலாற்று நூல்களில் அந்த ஒப்படைப்பைப் பற்றிப் படித்திருக்கிறேன். அப்பாவின் மூன்று சிறு வாக்கியங்களைப் படித்தபோதுதான் அந்த நாளின் நெஞ்சு கனத்தை உணர்ந்தேன்.

என்னை முற்றாக ஆட்கொண்டது வேறொரு வரி. "மீன் விலை ஏறிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை." அவள் என்பது என் அம்மா. அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்த ஒரு மாலையை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நான் பார்க்கும்படி அப்பா வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்குக் கதை எழுதும் எண்ணமோ, யாராவது படிப்பார்கள் என்ற நினைப்போ இருந்திருக்காது. வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, விளக்கணைக்கும் முன்பு ஒரு வரி எழுதினார். பதின்மூன்று ஆண்டுகள் அப்படி எழுதினார். அந்தப் புத்தகத்தை மூடியபோது, நடுவர் கேட்ட கேள்விக்குப் பதில் என் மடியிலேயே கிடந்தது. அன்றிரவே கடைக்குப் போய் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கினேன்.

தொடக்கத்தில் எனக்கு இருந்த பெரிய தடை நேரம். ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரையிலான பெருவிரைவு ரயில் பயணத்தில் காலையில் உட்கார இடம் கிடைக்காது; ஒரு கை கம்பியிலும் மறு கை பையிலுமாக நிற்கும்போது எழுதுவது நடவாத காரியம். எனவே ஒரே ஒரு வாக்கியத்தை மனத்திலேயே எழுதப் பழகினேன். முந்தைய நாள் பார்த்த ஒன்றை ஆங் மோ கியோவில் தொடங்கி, தோ பாயோவில் ஒரு சொல்லை மாற்றி, ஆர்ச்சர்ட்டில் தேவையில்லாததை வெட்டி, இறங்கும்போது அந்த வாக்கியம் முழுமையாக இருக்கும். மேசைக்குப் போனதும் முதல் வேலையாக அதைக் குறித்துவைத்துக்கொள்வேன். இரவில் அந்த ஒரு வாக்கியத்துக்குக் கீழே மற்றவை தாமாகவே வந்து சேரும். வெறும் தாளின் முன்னால் உட்கார்ந்து உந்துதலுக்காகக் காத்திருப்பதைவிட, ஒரு வாக்கியத்தோடு உட்காருவது எவ்வளவோ எளிது. நேரம் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் இங்குள்ள வெளிநாட்டு ஊழியர்களை நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கென்று கவிதைப் போட்டி ஒன்று 2014இல் தொடங்கப்பட்டது. கட்டுமானத் தளத்தில் நாள் முழுவதும் உழைத்துவிட்டு, லாரியில் தங்குவிடுதிக்குத் திரும்பி, படுக்கையில் சாய்ந்தபடி கைப்பேசியில் கவிதை எழுதும் தமிழ் இளைஞர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள்.

அடுத்த தடை சொற்கள். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எழுதுவதற்கான தூண்டுதல் எனக்கு அதிகமாகக் கிடைத்தது இங்கேதான்.

எங்கள் எதிர்ப் புளோக்கில் ஒரு மலாய் மூதாட்டி இருக்கிறார். நாள்தோறும் காலை ஏழரை மணிக்குச் சமையலறைச் சன்னலுக்கு வெளியே துணி காயப் போடுவார். ஈரத் துணிகள் கோத்த மூங்கில் கழியை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலக்கையால் அடியைத் தாங்கி, சன்னலுக்கு வெளியே மெல்ல மெல்ல நீட்டுவார். கழியின் நுனி பாரத்தால் தாழும். அந்த நேரத்தில் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்கு இங்கிருந்தே தெரியும். பிறகு குனிந்து பார்க்காமலேயே, சுவரில் பதித்திருக்கும் குழாய்க்குள் கழியின் அடியைச் செருகிவிடுவார். இதை எழுத எனக்கு நான்கு நாள்கள் ஆயின. அந்தக் குழாய்க்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. கழியை மூங்கில் என்பதா, கம்பு என்பதா என்றும் புரியவில்லை. அகராதி உதவவில்லை. கடைசியில் அம்மாவிடம் கேட்டேன். எண்பத்தாறு வயதாகும் அவர், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்து, "அது கொடி. மழ வந்தா கொடிய உள்ள இழுன்னு உன்னைய எத்தன தடவ ஏசியிருக்கேன்?" என்றார்.

உண்மைதான். சிறு வயதிலிருந்து அந்தச் சொல்லை நூறு முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட நின்று கவனித்ததில்லை. துணி காயப் போடும் கயிற்றுக்குத்தான் கொடி என்று பெயர். கம்பத்து வீட்டில், அதாவது பழைய கிராமத்து வீட்டில், இரண்டு தென்னைகளுக்கு இடையே கட்டியிருந்தது கயிற்றுக் கொடி. 1980களில் அடுக்குமாடிக்கு வந்தபோது கயிறு கட்ட இடமில்லை, மூங்கிலைக் கொடுத்தார்கள். அம்மா அந்த மூங்கிலையும் கொடி என்றே அழைத்துவிட்டார். மண்ணிலிருந்து மாடிக்குக் குடிபெயர்ந்த ஒரு தலைமுறையின் கதை முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அன்று அரைப்பக்கம் போதவில்லை. ஆறு பக்கம் எழுதினேன். எழுத என்ன இருக்கிறது என்று கேட்ட மாணவியின் வீட்டிலும், அவளுடைய பாட்டி ஏதோ ஒரு பொருளை ஏதோ ஒரு பெயரால் அழைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதினாலே அவளுக்கு ஓராண்டுக்குப் பக்கங்கள் கிடைக்கும்.

இத்துடன் சேர்த்து இன்னொன்றையும் சொல்லத் துணிகிறேன். நம் இளையர்கள் எழுதத் தயங்குவதற்கு, தாங்கள் பேசும் தமிழ் எழுதத் தகுதியற்றது என்ற அச்சம் பெரிய காரணம். கட்டுரையில் 'பாசார்' என்று எழுதினால் சிவப்பு மையில் 'சந்தை' என்று திருத்தம் வரும். தேர்வுக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் சொந்தக் குறிப்பேட்டில் பாட்டி பாசாருக்குத்தான் போக வேண்டும், மாமா காப்பிக்கடையில் கோப்பி ஓ கோசோங்தான் கேட்க வேண்டும், பழைய பேப்பர் வாங்குகிறவர் கரங்குனிக்காரராகவே வர வேண்டும். கேட்டதைக் கேட்டபடி எழுதிப் பழகிய கைக்கு, நல்ல தமிழ் எது, எங்கே எது பொருந்தும் என்ற தெளிவு பின்னாலேயே வரும். சித்திரமும் கைப்பழக்கம் என்று நம் முன்னோர் சொன்னார்கள்; திருத்தத்துக்கு அஞ்சித் தாளைத் தொடாத கைக்கு எந்தப் பழக்கமும் ஏற்படாது.

வழக்கம் அறுந்துபோவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019இல் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது நாற்பத்தொரு நாள் நான் எதுவும் எழுதவில்லை. திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்தபோது, விட்டுப்போனதையெல்லாம் ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு பதற்றம் வந்தது. அந்தப் பதற்றத்தாலேயே மேலும் இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள், அப்பாவின் வரிகளைப் புரட்டிப் பார்த்தேன். அவரும் சில மாதங்கள் எழுதாமல் விட்டிருந்தார். விட்டதற்கு விளக்கம் எதுவும் இல்லாமல், "வெயில்" என்ற ஒரு சொல்லோடு மீண்டும் தொடங்கியிருந்தார். நானும் தேதியைப் போட்டு, "811. நிற்க இடமில்லை" என்று பேருந்தைப் பற்றி எழுதினேன். மறுநாள் இரண்டு வரி வந்தது.

இவையெல்லாம் தனிமனிதரின் முயற்சிகள். ஆனால் எழுதும் வழக்கம் ஒரு சமூகத்தில் வேர்விட, அதற்கு இடம் கொடுப்பவர்களும் தேவை. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் மாதந்தோறும் நடத்தும் கதைக்களம் என்ற சிறுகதைச் சந்திப்பையும், கவிமாலை என்ற கவிதை அமைப்பின் மாதாந்தரச் சந்திப்பையும் நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம், அவை ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாக்கள் அல்ல என்பதே. அடுத்த மாதம் அதே முகங்களைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே ஒருவரை எழுத உட்கார வைக்கும். இதழ்களுக்கும் இத்தகைய பங்கு முன்பே இருந்திருக்கிறது. 1950களில் கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ் நேசன் 'கதை வகுப்பு' நடத்தியது. இங்கே தமிழ் முரசு மாணவர் மணிமன்றம் என்ற மாணவர் பகுதியின் வழியாக இளையர்களை எழுத வைத்தது. பள்ளிப் பருவத்தில் அவற்றில் எழுதத் தொடங்கியவர்கள் பிற்காலத்தில் இவ்வட்டாரத்தின் எழுத்தாளர்களாக மலர்ந்தார்கள். தேசிய நூலக வாரியம் மின்னாக்கம் செய்து வைத்திருக்கும் பழைய இதழ்களைப் புரட்டுவது ஓய்வுக்குப் பின் எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவற்றைப் படிக்கும்போது, எழுதுபவர்கள் வந்து சேரட்டும் என்று அன்றைய இதழாளர்கள் காத்திராமல், எழுதுபவர்களைத் தாங்களே வளர்த்தார்கள் என்பது தெரிகிறது.

இன்று அந்தத் தேவை குறைந்துவிடவில்லை. வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காடாக இருந்தனர். 2020இல் அது 2.5 விழுக்காடு. இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் 'கொடி' நினைவுக்கு வருகிறது. பேசுகிறவர் போய்விட்டால் அந்தச் சொல்லும் போய்விடும். யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு. இதைப் பேராசிரியர்கள் மட்டும் செய்து முடிக்க இயலாது. அந்தந்த வீட்டில் இருப்பவர்கள்தான் எழுத வேண்டும்.

எனவே, ஐயா, என் வேண்டுகோள் இதுதான். வாரத்தில் ஒரு நாள், தங்கள் நாளிதழில் ஒரு சிறிய பகுதியை வாசகர்களின் அன்றாடக் குறிப்புகளுக்கு ஒதுக்கித் தாருங்கள். நூறு சொற்களுக்கு மேல் வேண்டாம். தலைப்பு கொடுக்க வேண்டாம், பரிசும் வேண்டாம். எழுதியவர் அந்த வாரத்தில் தம் கண்ணால் பார்த்ததாகவோ காதால் கேட்டதாகவோ இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். மாணவர்களும் எழுதட்டும், முதியவர்களும் எழுதட்டும், தங்குவிடுதியில் இருப்பவர்களும் எழுதட்டும். பேச்சுவழக்கையும் பிறமொழிச் சொல்லையும் எழுத்துப் பிழை நீக்கும்போது களைந்துவிடாமல் விட்டுவையுங்கள். ஓராண்டுக் காலம் தொடர்ந்து வெளியிட்டால் போதும். எழுத ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள், தம் பக்கத்துப் புளோக்கில் இருக்கும் ஒருவர் எதை எழுதியிருக்கிறார் என்று வாரந்தோறும் பார்ப்பார்கள். பார்த்தபின் தம் வீட்டுச் சன்னலையும் ஒருமுறை பார்ப்பார்கள்.

இடம் கருதி இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், மேற்கண்ட வேண்டுகோளை மட்டுமாவது வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் எண்ணும் பகுதி எப்படி இருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டாக, இவ்வாரம் என் குறிப்பேட்டில் எழுதியதைக் கீழே தந்திருக்கிறேன்.

"செவ்வாய். நாலு மணிக்கு வானம் கறுத்துவிட்டது. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கொடி, கொடி என்று குரல் மட்டும் கொடுத்தார். மூன்றையும் உள்ளே இழுத்துவிட்டேன். எதிர்ப் புளோக்கில் ஒரு கொடி இன்னும் வெளியே இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை போலும். நீலத் தலையணை உறை ஒன்று நனைகிறது."

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஈசூன்